இடம்பெயர்ந்த ரயில் நிலையம்: லிகூரியக் கடற்கரைச் சைக்கிள் பயணம் ஒன்றில் நேர்ந்த உடல்நலப் பாதிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வும் அதன் களமும்

வடமேற்கு இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், பினாலே லிகுரேயில் தொடங்கிச் சான்ரெமோவில் முடியும்படி வகுக்கப்பட்ட ஒருநாள் சைக்கிள் பயணத்தின்போது, 2019 ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர் வெப்பத்தால் பாதிக்கப்பட்டார். அவருக்கு என்ன நேர்ந்தது, அருகில் இருந்தவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை இக்குறிப்பு பதிவுசெய்கிறது. பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. எவருடைய பெயரும் தரப்படவில்லை. அன்று குழுவின் கடைசி ஆளாக, பின்தங்குபவர்களோடு வரும் பொறுப்பில் இருந்தவன் நான். ஆகவே இங்கே சொல்லப்படும் தவறுகளில் ஒரு பங்கு என்னுடையது.

பாதை சைக்கிள் உலகுக்கு நன்கு அறிமுகமானது. 1907இல் தொடங்கிய மிலான்–சான்ரெமோ பந்தயம் ஒவ்வொரு மார்ச் மாதமும் இந்தக் கடற்கரையின் வழியாகத்தான் முடிவுக்கு வருகிறது. ரோமானியச் சாலையின் பெயரைத் தாங்கிய வியா அவுரேலியா நெடுஞ்சாலை கடலையொட்டிச் செல்லும். மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடங்களில் மட்டும் அது முனையின் தோளில் ஏறி மறுபக்கம் இறங்கும். காப்போ மேலே, காப்போ செர்வோ, காப்போ பெர்த்தா என்று மூன்று முனைகள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றில் உயரமானதான காப்போ பெர்த்தாவே கடல்மட்டத்திலிருந்து 130 மீட்டர்தான். அவற்றுக்கு அப்பால், 1982இல் பந்தயத்தில் சேர்க்கப்பட்ட சிப்ரெஸ்ஸா ஏற்றமும், 1960இல் சேர்க்கப்பட்ட போஜ்ஜியோ ஏற்றமும் உள்ளன. சிப்ரெஸ்ஸா 5.6 கிலோமீட்டர், போஜ்ஜியோ 3.7 கிலோமீட்டர். ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் ஓட்டியவர்களுக்கு இந்த எண்கள் சிறியவையாகத் தெரியும். எங்கள் குழுவில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் தெரிந்தன.

இந்தக் கடற்கரையின் ரயில் பாதையைப் பற்றி ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வே அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. 1872இல் திறக்கப்பட்ட பழைய ஒற்றைத் தண்டவாளப் பாதை ஊர்களின் நடுவே, கடலுக்கு மிக அருகில் ஓடியது. 2001இல் சான் லொரென்சோ அல் மாரேவுக்கும் ஓஸ்பெதலெத்திக்கும் இடைப்பட்ட பகுதி மலைக்குள் குடைந்த புதிய இரட்டைப் பாதைக்கு மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட தடத்தின் மேல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளச் சைக்கிள் பாதை அமைந்தது. 2016 டிசம்பரில் ஆன்டோராவுக்கும் சான் லொரென்சோவுக்கும் இடைப்பட்ட பகுதியும் அவ்வாறே உள்ளே போயிற்று. தியானோ மரீனா, இம்பேரியாவின் ஒனேலியா, போர்த்தோ மவுரிட்சியோ ஆகிய இடங்களில் ஊருக்குள் இருந்த நிலையங்கள் அன்றோடு மூடப்பட்டன. பினாலேயிலிருந்து ஆன்டோரா வரை மட்டும் ரயில் இன்னும் பழைய கடற்கரைத் தடத்திலேயே ஓடுகிறது.

குழுவும் திட்டத் தாளும்

எழுவரில் இளையவருக்கு முப்பத்து நான்கு வயது. மூத்தவருக்கு அறுபத்து ஒன்று. பாதிக்கப்பட்டவர் ஐம்பத்தெட்டு வயது ஆண். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து சைக்கிள் ஓட்டுபவர். வடக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த நகரம் ஒன்றிலிருந்து இரண்டு நாட்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்திருந்தார். உடல் வெப்பத்துக்குப் பழகப் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவைப்படும் என்பதைக் குழுவில் இருவர் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் அதை அவரோடு பொருத்திப் பார்க்கவில்லை. உயர் ரத்த அழுத்தத்துக்காக அவர் சிறுநீர்ப் பெருக்கி வகை மாத்திரை ஒன்றைத் தினமும் உட்கொள்பவர் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை, கேட்கப்படாததைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

வழிநடத்துபவர் ஒரு பக்கத் திட்டத் தாள் தயாரித்திருந்தார். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், காலை 6.45க்குப் புறப்பாடு, அல்பெங்கா, அலாசியோ, செர்வோ ஆகிய பழைய ஊர்களில் சிறு நிறுத்தங்கள், பிற்பகல் இரண்டு மணிக்குள் சான்ரெமோ என்று அதில் இருந்தது. தாளின் அடியில், எவராவது தொடர முடியாமல் போனால் விலகிக்கொள்ளும் இடங்கள் என்று எட்டு ரயில் நிலையங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அந்த வரிசை ஒரு பழைய வழிகாட்டி நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் உள்ளவாறு பார்த்தால், சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்ற கணக்கில், இதைவிடப் பாதுகாப்பான சைக்கிள் பாதை இத்தாலியிலேயே இருக்க முடியாது. அந்த நம்பிக்கைதான் அன்று எடுத்த மற்ற முடிவுகளையெல்லாம் தளர்வாக்கியது என்று இப்போது கருதுகிறேன்.

காலை: தாமதமும் ஒரு கூடுதல் ஏற்றமும்

புறப்பாடு 8.40க்குத்தான் நடந்தது. வாடகைக்கு எடுத்த மூன்று சைக்கிள்களில் பெடல்களை மாற்ற வேண்டியிருந்தது. இருக்கை உயரங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர் கேட்டிருந்தது முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 32 பல் கொண்ட இலகுவான கியர். கிடைத்தது 36க்கு 28. நிமிடத்துக்கு அதே எண்ணிக்கையில் மிதித்து ஒரு செங்குத்தான ஏற்றத்தில் ஏற, இரண்டாவது அமைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். கடைக்காரர் மாலையில் மாற்றித் தருவதாகச் சொன்னார். ஒருநாள்தானே, முனைகளெல்லாம் சிறியவைதானே என்று இவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டு மணி நேரத் தாமதத்தின் பொருள் எங்களுக்கு உறைக்கவில்லை. தொலைவைக் குறைக்கவோ, நிறுத்தங்களை விடவோ யாரும் முன்மொழியவில்லை. அல்பெங்காவில் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானஸ்நான மண்டபத்தையும், குறுகிய தெருக்களுக்கு மேலே செங்கல்லால் உயர்ந்து நிற்கும் இடைக்காலக் கோபுரங்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது மணி பத்தரை. அலாசியோவில் காப்பி. பழைய ஊர்கள் ஒவ்வொன்றும் தகுதியுள்ளவைதான், ஆனால் நிழலும் கடற்காற்றும் இருந்த நேரம் முழுவதையும் நாங்கள் நின்றபடியே செலவிட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு மிதிக்கத் தொடங்கினோம்.

லைகுவேலியாவில் இன்னொரு முடிவு நேர்ந்தது. கடற்கரைச் சாலையில் காப்போ மேலேயைக் கடப்பதற்குப் பதிலாக, ஊருக்குப் பின்னாலிருக்கும் கொல்லா மிக்கேரி என்ற சிற்றூரின் வழியாக ஏறி ஆன்டோராவில் இறங்கலாம் என்று ஒருவர் சொன்னார். லைகுவேலியாவின் பெயரில் நடக்கும் தொழில்முறைப் பந்தயத்தில் இடம்பெறும் ஏற்றம் அது. கான்–டிக்கி படகுப் பயணத்தால் அறியப்பட்ட தூர் ஹெயர்டால் வாழ்ந்து 2002இல் இறந்ததும் அவ்வூரில்தான். போக்குவரத்து மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம். எல்லோரும் தலையசைத்தார்கள். குறுகிய சாலை, இருபுறமும் கல்லடுக்குச் சுவர்கள், ஒலிவ மரத் தோட்டங்கள். நீளம் குறைவு என்றாலும் சரிவு கடுமையானது. சுவர்களுக்கு நடுவே காற்று இல்லை. மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்குத் தன் ஓட்டத்தால் உண்டாகும் காற்றும் கிடையாது. சைக்கிள் ஓட்டுபவரின் உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குச் சென்று சேர்கிறது. மீதி வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. சமதளத்தில் அந்த வெப்பத்தை வியர்வையும் காற்றும் கொண்டுபோய்விடும். ஏற்றத்தில் வெப்பம் மிகும், காற்று குறையும்.

அவருக்குப் பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன். இரண்டு இடங்களில் அவர் எழுந்து நின்று, உடல் எடையைப் பெடலில் சாய்த்து மிதித்ததைப் பார்த்தேன். கியர் போதவில்லை என்பது தெரிந்தது. காலையில் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தவர், மேலே சேர்ந்தபோது பேசவில்லை. ஏற்றம் முடிந்து மூச்சு வாங்கும் எவரும் பேசமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆன்டோரா: தவறவிட்ட கடைசி வாய்ப்பு

ஆன்டோராவில் பொதுக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பினோம். மணி 12.20, மருந்துக் கடையின் பலகை 33 பாகை காட்டியது. அவர் ஒரு புட்டியை அங்கேயே குடித்துவிட்டு இரண்டையும் மறுபடி நிரப்பிக்கொண்டார். வெயில் அடிக்கும் என்று முந்திய நாளே எச்சரிக்கப்பட்டிருந்ததால், விழித்தெழுந்ததிலிருந்தே நிறையத் தண்ணீர் குடித்துவந்ததாகப் பின்னர் சொன்னார். சேர்த்துப் பார்த்தால், அதுவரை நான்கு லிட்டருக்கும் மேல். உப்புள்ள எதையும் உண்ணவில்லை. காலை உணவு இனிப்பு ரொட்டியும் காப்பியும்தான்.

வழிநடத்துபவர் அவரிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டார். கொஞ்சம் தலைவலி, வேறொன்றுமில்லை என்ற பதில் வந்தது. ரயிலில் போய்விடுகிறீர்களா என்று கேட்டதற்கு, அடுத்த நிலையம் எவ்வளவு தூரம் என்று அவரே திருப்பிக் கேட்டார். தாளைப் பார்த்து, செர்வோவில் ஒன்று, தியானோவில் ஒன்று, அதன்பின் இம்பேரியாவில் இரண்டு என்று சொல்லப்பட்டது. அப்படியானால் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலை முழுவதும் தண்டவாளம் எங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்ததால், அது இனியும் வரும் என்பதை யாரும் ஐயுறவில்லை. உண்மையில் ஆன்டோராவுக்கு அப்பால் அது மலைக்குள் மறைந்துவிடுகிறது. ஆன்டோரா நிலையம் அப்போது எங்களிடமிருந்து சில நிமிடத் தொலைவில் இருந்தது. அன்றைய நாளில் நாங்கள் மிக அதிக விலை கொடுக்க நேர்ந்த முடிவு இதுதான்: அது ஒரு முடிவாகக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

செர்வோ: அறிகுறிகள்

காப்போ செர்வோவைக் கடந்து, செர்வோ ஊரின் அடிவாரத்தை 12.55க்கு அடைந்தோம். கடலுக்கு மேலே அடுக்கடுக்காக ஏறும் பழைய ஊர் அது; பவளம் எடுத்துப் பிழைத்த மீனவர்களின் கொடையால் எழுந்ததாகச் சொல்லப்படும் தேவாலயம் அதன் உச்சியில், வளைந்த முகப்போடு கடலைப் பார்த்து நிற்கிறது. நால்வர் மேலே ஏறிப் போனார்கள். அவர் வரவில்லை என்று சொல்லி, சாலையோரச் சுவரின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நானும், இத்தாலிய மொழி பேசத் தெரிந்த பெண் ஒருவரும் அவரோடு தங்கினோம்.

அடுத்த இருபது நிமிடங்களில் நாங்கள் கண்டவற்றை அன்றிரவே எழுதிவைத்தேன். அந்த வரிசையிலேயே இங்கே தருகிறேன். முகம் சிவந்திருக்கவில்லை, வெளிறியிருந்தது. கைகளில் மயிர்க்கூச்சு தெரிந்தது. குளிர்கிறது என்று சொன்னார். நீட்டிய உணவை மறுத்தார், குமட்டுகிறது என்றார். வியர்வை இருந்தது. விரல்கள் வீங்கி, மோதிரம் இறுகியிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தாலும் சுருக்கமாக இருந்தது.

33 பாகை வெயிலில் ஒருவர் குளிர்கிறது என்று சொன்னால் அதற்கு மேல் சான்று தேவையில்லை. அது எங்களுக்குப் புரிந்தது. பயணம் அவருக்கு முடிந்துவிட்டது என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் என்ன செய்வது என்பதில் பிழை செய்தோம். செர்வோவில் நிலையத்தைத் தேடியபோது, அது இப்போது இயங்குவதில்லை என்று எதிரே வந்த பெண்மணி சொன்னார். அதைச் சிற்றூர் நிலையம் ஒன்று மூடப்பட்ட செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டோம். தியானோ மரீனா பெரிய ஊர், அங்கே நிச்சயமாக ரயில் நிற்கும், நான்கு கிலோமீட்டர்தான், சமதளம், மெதுவாக ஓட்டினால் போதும் என்று முடிவாயிற்று. அந்தப் பெண்மணியிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால், அல்லது கைப்பேசியில் ரயில் நேரத்தைத் தேடியிருந்தால், விவரம் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வாடகைக் கார் அழைப்பது பற்றியும் பேச்சு எழுந்தது. சைக்கிளை ஏற்றமாட்டார்கள் என்று அதைக் கைவிட்டோம். ஒரு மனிதரின் நிலையைவிட ஒரு வாடகைச் சைக்கிளின் நிலை எங்கள் எண்ணத்தில் அதிக இடம் பிடித்தது என்பதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தியானோ மரீனா: ரயில் வராத நடைமேடை

1.45க்குத் தியானோ மரீனா நிலையத்தை அடைந்தோம். கட்டடம் இருந்தது, கதவுகள் பூட்டியிருந்தன. புதிய நிலையம் ஊருக்கு வெளியே, பள்ளத்தாக்கின் உட்பகுதியில் இருப்பதாக அருகிலிருந்த காப்பிக் கடையில் சொன்னார்கள். அதற்குள் அவர் சைக்கிளிலிருந்து இறங்கும்போது தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டதற்கு அலாசியோ என்றார். இரண்டாம் முறையும் அதே பதில்.

குழப்பம் தோன்றியபின் நிலைமை வேறு. வெப்பக் களைப்பா, வெப்ப அதிர்ச்சியா என்று சாலையோரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூளை பாதிக்கப்படுவதன் அடையாளம் தெரிந்தால் மோசமானதையே எண்ணிச் செயல்பட வேண்டும் என்பது விதி. மொழி தெரிந்தவர் 112ஐ அழைத்தார். மற்றவர்கள் அவரைப் பழைய நிலையத்தின் கூரை நிழலில் கிடத்தினோம். ஹெல்மெட்டையும் காலணிகளையும் மேல்சட்டையையும் கழற்றினோம். காப்பிக் கடைக்காரர் கேளாமலே ஒரு வாளிப் பனிக்கட்டியும் துண்டுகளும் கொண்டுவந்தார். கழுத்திலும் அக்குள்களிலும் தொடையிடுக்கிலும் பனித் துண்டுகளை வைத்து, உடலெங்கும் தண்ணீர் தெளித்து, ஒளிபிரதிபலிக்கும் மேற்சட்டைகளால் விசிறினோம். சுரங்கச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் அவற்றை அணிய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம் என்பதால் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது; வாங்கியபோது நினைத்திராத பயன்.

இந்நேரத்தில் இரண்டு கருத்து மோதல்கள் எழுந்தன. கடல் சில நூறு மீட்டரில் இருக்கிறது, தூக்கிக்கொண்டுபோய் நீரில் இறக்கிவிடலாம் என்றார் ஒருவர். குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே வெப்ப அதிர்ச்சிக்கு மிக விரைவான சிகிச்சை என்பது உண்மை. ஆனால் ஜூன் மாதக் கடல் குளிர்ந்த நீர் அல்ல. நினைவு தடுமாறுபவரை அலையில் தாங்கிப் பிடிப்பது ஆபத்து. ஆம்புலன்ஸ் வரும் இடத்தை விட்டு விலகவும் கூடாது. ஆகவே மறுத்தோம். அது சரியான முடிவே என்று இன்றும் கருதுகிறேன்.

மற்றொன்று தண்ணீர். தலையைத் தூக்கிப் புட்டியை வாயில் வைக்க வழிநடத்துபவர் முயன்றார். வெயிலில் விழுந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எவருக்கும் இயல்பாக எழும் செயல்தான். ஆனால் காலையிலிருந்து அவர் குடித்த அளவையும் வீங்கிய விரல்களையும் நான் பார்த்திருந்தேன். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்பது ஒரு காரணம். வெறும் தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கலாம் என்பது மற்றொரு காரணம். தடுத்தேன். குரல்கள் உயர்ந்தன, பிறகு அவர் விட்டுவிட்டார்.

பதினான்கு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் அவருக்குத் தான் இருக்கும் இடம் புரியத் தொடங்கியிருந்தது. காதில் அளந்த வெப்பம் 38.7 பாகை. கடும் உழைப்புக்குப் பின் காதில் எடுக்கும் அளவு உள்ளுடல் வெப்பத்தைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதாலும், அது எடுக்கப்பட்டது குளிர்வித்த பிறகு என்பதாலும், உச்சத்தில் எவ்வளவு இருந்தது என்பதை இனி அறிய வழியில்லை. உதவிக்கு ஒருவர் மட்டும் உடன் வரலாம் என்றார்கள். மொழி தெரிந்தவர் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில்

ரத்தத்தில் சோடியம் 128 இருந்தது. இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை. வெப்பக் களைப்போடு, உடலில் நீர் மிகுந்ததால் உண்டான சோடியக் குறைவும் சேர்ந்திருந்தது என்று மருத்துவர்கள் கூறினர். சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையைப் பற்றி அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். அந்த வகை மாத்திரை உப்பை வெளியேற்றும்; வியர்வையும் வெளியேற்றும்; இழந்த உப்பின் இடத்தை அவர் வெறும் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார். எச்சரிக்கையாக இருந்தவர் எச்சரிக்கையாலேயே பாதிக்கப்பட்டார் என்று சொன்னால் பொருந்தும். குமட்டல், தலைவலி, குழப்பம் ஆகிய மூன்றும் இரண்டு நோய்க்கும் பொதுவானவை. விரல் வீக்கம் மட்டுமே இரண்டாவதன் பக்கம் சாய்ந்த குறிப்பு.

ஓரிரவு கண்காணிப்பில் வைக்கப்பட்டு, சோடியம் மெல்ல உயர்ந்ததை உறுதிசெய்தபின், மறுநாள் மாலை அவர் வெளியே வந்தார். மூன்று வாரம் கடும் உழைப்பு கூடாது, மாத்திரையைப் பற்றித் தன் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எஞ்சிய ஐவர்

தியானோவில் நின்ற எங்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. எல்லோரும் புதிய நிலையத்துக்குச் சென்று ரயில் ஏறலாம். அல்லது வெயில் தாழ்ந்தபின் ஓட்டலாம். ஒருவர் உடனே புறப்பட விரும்பினார். அதை ஏற்கவில்லை. மனம் கலங்கிய நிலையில், பிற்பகல் மூன்று மணி வெயிலில் காப்போ பெர்த்தாவில் ஏறுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் சைக்கிளையும், அவரோடு ஆம்புலன்ஸில் சென்றவரின் சைக்கிளையும் காப்பிக் கடைக்காரர் தன் பின்கட்டில் பூட்டிவைத்தார். மருத்துவமனையிலிருந்து முதல் தகவல் வரும்வரை காத்திருந்து, உப்பிட்ட உணவு உண்டு, 5.40க்குப் புறப்பட்டோம்.

காப்போ பெர்த்தாவைக் கடந்து, ஒனேலியாவும் போர்த்தோ மவுரிட்சியோவும் 1923இல் ஒன்றாக இணைந்து உருவான இம்பேரியாவின் வழியே சான் லொரென்சோவை அடைந்தோம். சிப்ரெஸ்ஸாவையும் போஜ்ஜியோவையும் விட்டுவிட்டுச் சைக்கிள் பாதையில் இறங்கினோம். மேடுபள்ளம் இல்லை, வாகனங்கள் இல்லை. பழைய ரயில் சுரங்கங்களுக்குள் குளிர்ந்த காற்று வீசியது. எந்த இடப்பெயர்வு எங்களுக்கு அந்த நிழலைத் தந்ததோ, அதேதான் நண்பகலில் எங்களுக்கு வேண்டியிருந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. இதை அன்று யாரும் பேசவில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே சான்ரெமோவைச் சேர்ந்தோம்.

திரும்பிப் பார்க்கையில்

தாமதமான புறப்பாடு, பொருந்தாத கியர், கூடுதல் ஏற்றம், சொல்லப்படாத மாத்திரை, மிகையான தண்ணீர் என்று காரணங்கள் பல. தனித்தனியே இவற்றில் எதுவும் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்காது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு, எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதில்தான். வழிநடத்துபவர் புறப்படும் நேரத்தைச் சொல்கிறார்: ஏழரை மணிக்குள் கிளம்பாவிட்டால் ஏற்றங்களையும் ஊர் நிறுத்தங்களையும் தானாகவே குறைத்துவிட வேண்டும் என்பது இப்போது அவருடைய விதி. என் கருத்து சற்று வேறு. மனிதர்கள் தாமதமாவார்கள், அழகான ஒரு பக்கச் சாலையைக் கண்டால் திரும்புவார்கள். அவற்றைத் தாங்கும்படி இருக்க வேண்டியது விலகும் வழிதான். எங்கள் தாளில் எட்டு விலகும் வழிகள் இருந்தன. அவற்றில் பாதி தாளில் மட்டுமே இருந்தன. இல்லாத வழி, வழியே இல்லாததைவிடத் தீங்கானது. ஆன்டோராவில் நிற்க வேண்டியவரை அதுதான் மேலும் ஒன்பது கிலோமீட்டர் இழுத்துச் சென்றது.

ஆகவே இப்போது ஒவ்வொரு நிலையத்தையும் பயணத்துக்கு முந்திய நாள் அன்றைய ரயில் அட்டவணையில் தேடிப் பார்க்கிறோம். நிலையம் சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, நடுவில் ஏற்றம் உண்டா, சைக்கிளை ஏற்றும் ரயில் எப்போது வருகிறது என்பதையும் எழுதுகிறோம். ரயில் இல்லாத இடைவெளிகளில் வாடகைக் கார் எண் இருக்கும். சைக்கிளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். உடல்நிலையையும் மருந்துகளையும் வழிநடத்துபவரிடம் தனியாகச் சொல்லும்படி ஒவ்வொருவரையும் கேட்கிறோம். அனைவர் முன்னும் கேட்டால் பதில் வராது. தண்ணீரைப் பொறுத்தவரை, தாகத்துக்குக் குடிக்கவும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புள்ள ஏதாவது உண்ணவும் சொல்கிறோம். நிறையக் குடியுங்கள் என்ற அறிவுரையை நிறுத்திவிட்டோம்.

கடைசியில் வருபவனாக நான் மாற்றிக்கொண்டது ஒன்று. காலையில் பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினால், ஏற்றமோ இறக்கமோ, அதை மூச்சிரைப்பு என்று நானே முடிவுகட்டுவதில்லை. பக்கத்தில் போய்ப் பதில் சொல்ல நாலு சொல்லாவது வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கிறேன்.

பின்னர்

அவருடைய மருத்துவர் மாத்திரையை மாற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறுபடி வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இம்முறை இலகுவான கியர் பொருத்திய சைக்கிளோடு ரயிலில் வந்து, தியானோவின் புதிய நிலையத்தில் இறங்கி, பள்ளத்தாக்கின் வழியே பழைய நிலையத்துக்கு மிதித்து வந்தார். பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. அந்த நேரத்தைத் திட்டத் தாளில் அவரே எழுதினார். பிறகு காப்பிக் கடைக்காரரைப் பார்த்துவிட்டு, காப்போ பெர்த்தாவை நோக்கிப் புறப்பட்டோம்.